வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு: தண்டனை ஊழியருக்கு, விலக்கு நிர்வாகத்துக்கு

2024 ஜூன் 8 அன்று மும்பை விமான நிலையத்தின் 27ஆம் எண் ஓடுபாதையில் திருவனந்தபுரம் செல்லும் ஏர் இந்தியா விமானம் மேலெழுவதற்காக ஓடிக்கொண்டிருந்தது. அதன் சக்கரங்கள் தரையை விட்டு எழும் நேரத்தில், இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதே ஓடுபாதையின் மறுமுனையில் தரையிறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விமானங்கள் ஒரே ஓடுபாதையில் செல்லும் காட்சி நாடெங்கும் பரவியது. உயிர்ச்சேதம் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, விசாரணைக்கு உத்தரவிட்டது. சம்பந்தப்பட்ட கட்டுப்பாட்டாளர் உடனடியாகப் பணிப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். செய்தி அத்துடன் முடிந்தது.

ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் இப்படித்தான் முடிகிறது. 2023 ஆகஸ்டில் டெல்லியில் தரையிறங்கிய விஸ்தாரா விமானம் ஒன்று, மற்றொரு விஸ்தாரா விமானம் மேலெழுவதற்கு அனுமதி பெற்றிருந்த ஓடுபாதையைக் கடக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. தரையிறங்கிய விமானத்தின் பெண் விமானி நிலைமையை உணர்ந்து எச்சரித்ததால், மேலெழ இருந்த விமானம் நிறுத்தப்பட்டது. அங்கும் கட்டுப்பாட்டாளர் ஒருவர் பணிப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு தவறு, ஒரு பெயர், ஒரு நடவடிக்கை. அந்தத் தவறு நிகழ்வதற்கான சூழலை உருவாக்கியவர்கள் எவரும் எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டதாகச் செய்தி வந்ததில்லை.

வானில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம் சர்வதேச அளவில் வரையறுக்கப்பட்டது. உயரத்தில் பொதுவாக 1,000 அடி. கிடைமட்டத்தில், ராடார் கண்காணிப்பில் நெடுந்தூரப் பாதைகளில் 5 கடல் மைல், விமான நிலையத்தை நெருங்கும் பகுதியில் 3 கடல் மைல் என்பது வழக்கமான அளவு. உயர இடைவெளியும் கிடைமட்ட இடைவெளியும் ஒரே சமயத்தில் வரம்புக்குக் கீழே சென்றுவிட்டால் அதுவே இடைவெளி இழப்பு. கேட்பதற்கு 5 கடல் மைல் பெரிய தூரம்போலத் தோன்றும். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அந்தத் தூரத்தைக் கடக்க இருபது வினாடிகளுக்குச் சற்றே கூடுதலாகப் போதும். அந்த இருபது வினாடிகளைப் பாதுகாப்பதே கட்டுப்பாட்டாளரின் வேலை. ஒரே நேரத்தில் பல விமானங்களின் உயரம், வேகம், திசை ஆகியவற்றை மனத்தில் இருத்தி, அடுத்த சில நிமிடங்களில் அவை எங்கே இருக்கும் என்று கணித்து, ஒரே வானொலி அலைவரிசையில் அடுத்தடுத்து ஆணையிட வேண்டிய உழைப்பு இது. இடையில் ஒருமுறை கவனம் சிதறினால் அதை ஈடுசெய்ய இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இத்தகைய உழைப்பில் தவறு எப்படிப் பிறக்கிறது என்பதை அறிய 2022 ஜனவரி 7 காலை பெங்களூரில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெங்களூரில் இணையாக அமைந்த இரண்டு ஓடுபாதைகள் உண்டு. அன்று காலை வடக்கு ஓடுபாதை புறப்பாட்டுக்கும் தெற்கு ஓடுபாதை வருகைக்கும் பயன்பட்டுக்கொண்டிருந்தன. பிறகு, பணிமுறைப் பொறுப்பாளர் தெற்கு ஓடுபாதையை மூடி, வடக்கு ஓடுபாதையை மட்டும் இரண்டுக்கும் பயன்படுத்த முடிவெடுத்தார். அந்த முடிவு தெற்குக் கோபுரத்தின் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர் கொல்கத்தா செல்லும் இண்டிகோ விமானத்துக்குத் தெற்கு ஓடுபாதையிலிருந்து புறப்பட அனுமதி கொடுத்தார். ஏறத்தாழ அதே நேரத்தில் வடக்குக் கோபுரத்தின் கட்டுப்பாட்டாளர் புவனேஸ்வர் செல்லும் இண்டிகோ விமானத்துக்கு அனுமதி கொடுத்தார். அந்த இரண்டு ஓடுபாதைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்பாடு கூடாது என்பது விதி. இரண்டு விமானங்களும் மேலெழுந்து ஒன்றையொன்று நோக்கி நகரத் தொடங்கின. அவற்றில் இருந்தவர்கள் 426 பேர். ராடார் திரைமுன் அமர்ந்திருந்த மூன்றாவது கட்டுப்பாட்டாளர் இதைக் கண்டு, இரண்டு விமானங்களையும் எதிரெதிர்த் திசைகளில் திருப்பினார். மோதல் தவிர்க்கப்பட்டது.

இதைவிடக் கவலை தரும் செய்தி அதன் பின்னர் வெளிவந்தது. இந்த நிகழ்வு எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. இந்திய விமான நிலைய ஆணையமும் இதைத் தெரிவிக்கவில்லை என்று டிஜிசிஏ கண்டறிந்தது. ஏன் எழுதப்படவில்லை? தனிநபர்களின் நேர்மைக் குறைவு என்று இதை முடித்துவிடுவது எளிது. எழுதினால் வேலைக்கு ஆபத்து, எழுதாவிட்டால் ஒருவேளை எவருக்கும் தெரியாமல் போகலாம் என்ற நிலையில் ஊழியர்களை நிறுத்திவைக்கும் நிர்வாக முறையில் மௌனம் வளரவே செய்யும். தவறைத் தெரிவிப்பவர் தண்டிக்கப்பட மாட்டார், வேண்டுமென்றே விதியை மீறியவரே தண்டிக்கப்படுவார் என்ற கோட்பாட்டை உலகின் விமானப் பாதுகாப்பு நிபுணர்கள் நெடுங்காலமாக வலியுறுத்திவருகின்றனர். இந்திய அரசின் ஆவணங்களிலும் அது இடம்பெற்றிருக்கிறது. நடைமுறையில் ஒரு காணொளி பரவிய சில மணி நேரத்துக்குள் ஊழியரின் பெயர் பணிப்பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. இந்த இரண்டில் எதை ஊழியர்கள் நம்புவார்கள்?

பெங்களூரில் தவறியவர்கள் கட்டுப்பாட்டாளர்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. 426 உயிர்களைக் காப்பாற்றியவரும் ஒரு கட்டுப்பாட்டாளர்தான். ஒருவர் தவறினாலும் மற்றொருவர் பார்த்துத் திருத்தும் வகையில் போதிய ஆட்களும் போதிய ஓய்வும் தேவையான கருவிகளும் இருப்பதுதான் விமானப் பாதுகாப்பு எனப்படுவது. தவறே செய்யாத மனிதரைத் தேடுவது அதன் நோக்கமன்று. இந்த அடுக்குகளில் ஒவ்வொன்றாக உருவிவிட்டு, கடைசியாக நிற்கும் மனிதரைக் குற்றவாளியாக்குவது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம்.

இந்தியா இதற்கு ஏற்கெனவே கொடிய விலை கொடுத்திருக்கிறது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானமும், டெல்லியில் தரையிறங்க வந்த கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் ஐஎல்-76 விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். உலக வரலாற்றில் நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் மிக அதிக உயிர்களைப் பறித்தது இதுவே. நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை, 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியதே காரணம் எனக் கண்டது. கட்டுப்பாட்டாளர் மீது குற்றமில்லை. ஆனால் அன்று அவர் முன்னிருந்த ராடார், விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. விமானி சொன்னதை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. உயரத்தைக் காட்டும் ராடார் டெல்லிக்கு வாங்கப்பட்டிருந்தும் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. டெல்லியைச் சுற்றிய வான்வெளியின் பெரும்பகுதி விமானப் படையிடம் இருந்ததால், வரும் விமானங்களும் போகும் விமானங்களும் ஒரே குறுகிய பாதையைப் பயன்படுத்தின. 349 பேர் மாண்ட பின்னரே பாதைகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் தென்பகுதியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, ரஷ்யாவின் பஷ்கிரியன் ஏர்லைன்ஸ் பயணிகள் விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்ற பள்ளிக் குழந்தைகள். அந்த வான்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் ஸ்கைகைடு நிறுவனத்தில் அந்த இரவில் ஒரே ஒருவர் இரண்டு பணிமேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். இரவில் ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் தனியாகப் பார்ப்பது நிர்வாகம் அறிந்து அனுமதித்த வழக்கமாக இருந்தது. பராமரிப்பு வேலைக்காக மோதல் எச்சரிக்கை அமைப்பு முழுமையாக இயங்கவில்லை; தொலைபேசி இணைப்பும் முடங்கியிருந்தது. ஆபத்தைக் கண்ட ஜெர்மனியின் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்க முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. பிள்ளைகளையும் மனைவியையும் இழந்த ஒருவர் 2004இல் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலிலேயே கொன்றார். 2007இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் ஸ்கைகைடின் நடுநிலை நிர்வாகிகள் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இரவுப் பணியில் ஒருவரை மட்டும் விட்டுவைத்தவர்களும் பொறுப்பாளிகளே என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றது அரிது. தீர்ப்பு வருமுன்பே அந்த ஊழியர் மாண்டுவிட்டார்.

இனி இந்தியாவின் இன்றைய நிலை. 2014இல் உள்நாட்டு விமானங்களில் பயணித்தோர் 6.7 கோடிப் பேர், 2024இல் 16.1 கோடிப் பேர். இயங்கும் விமான நிலையங்கள் 74இலிருந்து 160ஐ ஒட்டி உயர்ந்துவிட்டதாக அரசு பெருமை கொள்கிறது. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் பிரதமரின் படம் இருக்கிறது. ஒவ்வொரு ஆணைக்கும் முழுப்பக்க விளம்பரம் வருகிறது. அந்த விமானங்களை வானில் பிரித்துவைக்கும் மனிதர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கு எந்த விழா மேடையிலும் கேட்டதில்லை.

அந்தக் கணக்கைக் கேட்டது, ஓரளவேனும், நாடாளுமன்றத்தின் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டு நிலைக்குழு. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாதில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்ட பின்னர், ஆகஸ்டில் விமானப் பாதுகாப்பு குறித்த அறிக்கையை அக்குழு நாடாளுமன்றத்தில் வைத்தது. (ஆமதாபாத் விபத்துக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் அந்த விபத்து நேராவிட்டால் இந்த அறிக்கையை எவரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.) கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏவிலேயே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருப்பதை அறிக்கை எடுத்துக்காட்டியது. கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையால் வேலைப்பளு கூடி, களைப்பு பாதுகாப்புக்கே அச்சுறுத்தலாக இருப்பதாகக் கூறியது. பயிற்சி நிலையங்களின் கொள்ளளவு தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை என்றது. டெல்லி, மும்பை மையங்களின் தானியங்கி அமைப்புகள் தளர்ந்து வருவதையும் குறிப்பிட்டது.

இவற்றிலெல்லாம் முதன்மையானது பணிநேர வரம்பு. ஒரு கட்டுப்பாட்டாளர் தொடர்ந்து எவ்வளவு நேரம் திரைமுன் அமரலாம், இரண்டு பணிமுறைகளுக்கு இடையே எவ்வளவு ஓய்வு கிடைக்க வேண்டும், அடுத்தடுத்து எத்தனை இரவுகள் வேலை வாங்கலாம் என்பவற்றுக்கு வரம்பு கட்டும் விதி உண்டு. ஆள் இல்லை என்பதைக் காட்டி, இந்த வரம்பிலிருந்து விமான நிலைய ஆணையத்துக்கு விலக்கு வழங்கப்பட்டிருப்பதை நிலைக்குழு கண்டித்தது. இதன் பொருளைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓய்வு விதி உழைப்பாளிக்கு வழங்கப்பட்ட சலுகையன்று. அது பயணியின் உயிருக்கான காப்பு. அதைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பே, ஆள் எடுக்காத குற்றத்துக்குப் பரிசாக நிர்வாகத்துக்கு விலக்கு வழங்குகிறது. களைத்த ஊழியர் தவறினால் அதே அமைப்பு அவரைப் பணிப்பட்டியலிலிருந்து நீக்குகிறது. ஏற்கெனவே குறைவாக இருந்த ஆட்களில் ஒருவர் மேலும் குறைகிறார். மிஞ்சியவர்களின் இரவுப் பணி கூடுகிறது.

ஆள் எடுப்பது இன்று நினைத்து நாளை முடிக்கும் காரியமன்று. அறிவியல் அல்லது பொறியியல் பட்டதாரிகளைத் தேர்வுசெய்து, பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா ஆகிய இடங்களில் உள்ள பயிற்சி நிலையங்களில் பயிற்றுவித்து, பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் மூத்தவரின் மேற்பார்வையில் மாதக்கணக்கில் பழக்கி, தகுதிச் சான்று கொடுத்த பிறகே ஒருவர் தனியாகத் திரைமுன் அமரலாம். ஒரு நிலையத்தில் தகுதி பெற்றவர் மற்றொரு நிலையத்துக்கு மாற்றப்பட்டால் அங்கும் பழகித்தான் தகுதி பெற வேண்டும். ஆகவே இன்றைய பற்றாக்குறை, பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட, அல்லது எடுக்காமல் விடப்பட்ட முடிவுகளின் விளைவு. எத்தனை விமானங்கள் வரப்போகின்றன என்பது விமான நிறுவனங்கள் ஆணை கொடுத்த நாளிலேயே அரசுக்குத் தெரியும்.

தெரிந்தும் செய்யாததற்குக் காரணத்தை விமான நிலையங்களின் உடைமை மாற்றத்தில் தேட வேண்டும். 1995 ஏப்ரலில் உருவான இந்திய விமான நிலைய ஆணையம், வருவாய் தரும் பெரிய நிலையங்களின் வருமானத்தைக் கொண்டு சிறிய நிலையங்களையும் வான்வழிச் சேவையையும் நடத்திய பொதுத்துறை அமைப்பு. 2006இல் டெல்லியும் மும்பையும் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதை எதிர்த்து ஆணையத்தின் ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். இடதுசாரிகள் அவர்களுடன் நின்றனர். 2019இல் ஆமதாபாத், லக்னோ, மங்களூரு, ஜெய்ப்பூர், குவாஹாட்டி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு நிலையங்களுக்குமான ஏலத்தையும் அதானி குழுமமே வென்றது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு நிலையங்களுக்கு மேல் வேண்டாம் என்று நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை எழுதிய குறிப்பு ஒதுக்கித் தள்ளப்பட்டது. திருவனந்தபுரத்தைத் தானே நடத்துவதாகக் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு முன்வந்தது. நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. 2021இல் மும்பையும் அதானியின் கைக்கு வந்தது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில் மேலும் 25 நிலையங்கள் பட்டியலிடப்பட்டன.

இவ்வாறு, கடைகளும் கார் நிறுத்துமிடங்களும் பயணிகள் கட்டணமும் தனியாருக்குப் போயின. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, ராடார், தகவல் தொடர்பு, அவற்றில் நேரும் ஒவ்வொரு தவறுக்குமான பழி ஆகியவை பொதுத்துறை ஆணையத்திடம் தங்கிவிட்டன. ஓடுபாதையில் எத்தனை விமானங்கள் ஏறி இறங்குகின்றனவோ அத்தனைக்கு நிலைய உரிமையாளரின் வருமானம் கூடும். அத்தனைக்கு அரசு ஊழியரான கட்டுப்பாட்டாளரின் இடைவெளி குறையும்.

மும்பையில் இது வெளிப்படையாகவே நடந்தது. அங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுபவை. ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த முடியும். அந்த ஒற்றை ஓடுபாதையில் 2023 நவம்பர் 11 அன்று 24 மணி நேரத்தில் 1,032 விமானங்கள் இயக்கப்பட்டது சாதனை எனக் கொண்டாடப்பட்டது. உச்ச நேரத்தில் மணிக்கு 46 இயக்கங்கள்; அதாவது 80 வினாடிகளுக்குள் ஒன்று. இதற்கு அதிகார மொழியில் 'உயர் தீவிர ஓடுபாதை இயக்கம்' என்று பெயரும் சூட்டப்பட்டது. தீவிரம் யாருடைய நரம்புகளில் ஏறுகிறது என்பதைப் பெயர் சூட்டியவர்கள் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து அமைச்சகமே தலையிட்டு, விமானங்கள் 40 முதல் 60 நிமிடங்கள் வரை வானில் வட்டமிட்டுக் காத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, உச்ச நேர இயக்கத்தை 46இலிருந்து 44 ஆகவும், மற்ற நேரங்களில் 44இலிருந்து 42 ஆகவும் குறைக்க நேர்ந்தது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வேண்டிய நிலைய நிர்வாகம் நடவடிக்கை எடுக்காததால் தானே செயல்பட வேண்டியதாயிற்று என்று அமைச்சகம் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தனியார் திறமை பற்றி நாள்தோறும் பாடம் நடத்துவோர் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். அதற்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு 27ஆம் எண் ஓடுபாதையில் ஜூன் 8 நிகழ்ந்தது. பணிப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் ஒரு கட்டுப்பாட்டாளர். நிலைய நிர்வாகத்தில் எவரும் அல்லர்.

கருவிகளின் நிலையும் இதேதான். 2025 நவம்பர் முதல் வாரத்தில் டெல்லியில் விமானப் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்களின் திரைக்குக் கொண்டுசேர்க்கும் தானியங்கிச் செய்திப் பரிமாற்ற அமைப்பு செயலிழந்தது. கட்டுப்பாட்டாளர்கள் ஒவ்வொரு விமானத்தின் திட்டத்தையும் கையால் உள்ளிட்டு வேலை செய்தனர். 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. டெல்லி, மும்பை அமைப்புகளின் தளர்வு பற்றிச் சில மாதங்களுக்கு முன்பே கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் எச்சரித்திருந்தது. எச்சரித்தவர்களே கடைசியில் கையால் எழுதி நாட்டின் மிகப் பெரிய விமான நிலையத்தை நடத்தினர். அதே காலத்தில் டெல்லியைச் சுற்றி விமானங்களின் ஜிபிஎஸ் குறிகைகள் போலிக் குறிகைகளால் குழப்பப்பட்டதை அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அத்தகைய நேரங்களில் விமானி நம்புவது தரையிலிருந்து வரும் குரலைத்தான்.

விலக்கு வழங்கும் பழக்கம் கட்டுப்பாட்டாளர்களோடு நிற்கவில்லை. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே தெரிந்தும் போதிய விமானிகளை அமர்த்தாத இண்டிகோ டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. லட்சக்கணக்கான பயணிகள் நிலையங்களில் தவித்தனர். உள்நாட்டுச் சந்தையில் 60 சதவிகிதத்துக்கும் மேலாகக் கையில் வைத்திருக்கும் அந்த நிறுவனத்திடம் அரசு பணிந்தது. ஓய்வு விதிகளிலிருந்து அதற்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. ஏகபோகம் என்பது விலையை மட்டும் நிர்ணயிப்பதன்று, பாதுகாப்பு விதியையும் நிர்ணயிக்கும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின. களைத்த விமானியும் களைத்த கட்டுப்பாட்டாளரும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொள்ளும் வானமே இந்த விலக்குகளின் மொத்த விளைவு.

முதலாளித்துவ உலகின் தலைநகரிலும் நிலைமை வேறன்று. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் குறைந்த வேலை நேரம், உயர்ந்த ஊதியம் ஆகிய கோரிக்கைகளை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தனர். வாரத்துக்கு 32 மணி நேர வேலை அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. அதிபர் ரீகன் இரண்டே நாட்களில் 11,000க்கும் மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்து, அவர்களது சங்கத்தையே அழித்தார். அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கத்தின் முதுகில் விழுந்த அந்த அடியின் வடு இன்னும் ஆறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டின் கட்டுப்பாட்டு மையங்கள் ஆள் பற்றாக்குறையில் தத்தளிக்கின்றன. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் பொடோமாக் ஆற்றின்மேல் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, ஹெலிகாப்டர்களுக்கும் விமானங்களுக்குமான இரண்டு பொறுப்புகளையும் கோபுரத்தில் ஒருவரே கவனித்துவந்தார். உடல்கள் முழுமையாக மீட்கப்படுவதற்கு முன்பே, மறுநாள் அதிபர் டிரம்ப், பல்வேறு பிரிவினருக்கும் வேலையில் வாய்ப்பளிக்கும் கொள்கையின்மீது பழி சுமத்தினார். அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் அரசு நிர்வாகம் 43 நாட்கள் முடங்கியபோது, இந்தக் கட்டுப்பாட்டாளர்கள் ஊதியமின்றி வேலை வாங்கப்பட்டனர்.

ஆள் பற்றாக்குறைக்குத் தீர்வாக இரண்டு யோசனைகள் அவ்வப்போது எழுகின்றன. வான்வழிச் சேவையை ஆணையத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கினால் திறமை பெருகும் என்பது ஒன்று. நிலைய வருவாயைத் தனியாருக்குக் கொடுத்த பின், மிஞ்சியிருக்கும் வான்வழிக் கட்டண வருவாயையும் சந்தைக்குத் திறந்துவிடுவதற்கான முதல் படியாகவே இது அமையும். வணிக அடிப்படையில் நடத்தப்பட்ட ஸ்கைகைடில்தான் அந்த இரவில் ஒருவர் தனித்து விடப்பட்டிருந்தார். மற்றொன்று, கணினியும் செயற்கை நுண்ணறிவும் மனிதரின் தேவையைக் குறைத்துவிடும் என்பது. புதிய கருவிகளை எந்தக் கட்டுப்பாட்டாளரும் எதிர்க்கவில்லை. அவற்றைக் கேட்டுக் கடிதம் எழுதியவர்களே அவர்கள்தான். ஆனால் கருவி வந்த கையோடு ஆளைக் குறைத்தால், அந்தக் கருவி நின்றுபோகும் நாளில் டெல்லியில் நவம்பரில் நடந்ததுபோலக் கையால் வேலை செய்ய எவர் இருப்பார்?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டதை இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் தொழிலுறவுத் தொகுப்பு, பாதுகாப்புக் குறைபாட்டைக் கூட்டாக எழுப்பும் ஊழியர்களின் குரலையும் சுருக்குகிறது. கட்டுப்பாட்டாளர்களில் பலர் தங்களைத் தொழிலாளர்களாகக் கருதாமல் அதிகாரிகளாகவே கருதிப் பழகியவர்கள். நள்ளிரவுப் பணிமுறையும் ஓய்வு மறுப்பும் பழி சுமத்தலும் அவர்களைத் தொழிற்சங்க இயக்கத்தின் பக்கம் கொண்டுவருகின்றன. விமான நிலையங்களில் பணியாற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், சுமை ஏற்றுவோர், தரைச் சேவை ஊழியர்கள், விமானிகள் ஆகியோரின் அமைப்புகளோடு அவர்கள் கைகோக்கும் வாய்ப்பை நமது தோழர்கள், குறிப்பாகப் பெருநகரங்களில் உள்ள தொழிற்சங்கத் தோழர்கள், தவறவிடக் கூடாது. பயணிகளும் இதில் கூட்டாளிகளே. விமானத்தில் செல்வது வசதி படைத்தோரின் விவகாரம் என்று இதை ஒதுக்குவதும் சரியன்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் லட்சக்கணக்கான தொழிலாளர்களும் இதே வானில்தான் பறக்கிறார்கள்.

பணிநேர வரம்பிலிருந்து ஆணையத்துக்கு வழங்கப்பட்ட விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். கட்டுப்பாட்டாளர் பணியிடங்களை விமானங்களின் எண்ணிக்கையோடு இணைத்து ஆண்டுதோறும் மறுமதிப்பீடு செய்து நிரப்ப வேண்டும்; பயிற்சி நிலையங்களை விரிவாக்க வேண்டும். டிஜிசிஏவின் காலிப் பணியிடங்களும் அவ்வாறே நிரப்பப்பட வேண்டும். தவறைத் தெரிவிக்கும் ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இடைவெளி இழப்பு ஒவ்வொன்றிலும் அந்தப் பணிமுறையில் இருந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர், இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு முந்தைய இரவு ஓய்வு கிடைத்ததா, அந்த மணி நேரத்தில் எத்தனை விமானங்களுக்கு நிலைய நிர்வாகம் இடம் ஒதுக்கியிருந்தது என்பவை விசாரணை அறிக்கையில் இடம்பெற்று, அறிக்கை வெளியிடப்பட வேண்டும். எந்தெந்த நிலையங்களில், எந்த நாளிலிருந்து, யார் கையெழுத்தில் ஓய்வு விதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்ற முழுப் பட்டியலை விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.